பத்து ஏக்கரும் ஒன்பதாயிரம் ரூபாயும்

1969 நவம்பரில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, ஏ.என். சட்டநாதன் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் ஒன்றை அமைத்தது. சரியாக ஓராண்டு கழித்து அறிக்கை வந்தது. யாருக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதை இன்றும் பேசுகிறோம். யாருக்கு வேண்டாம் என்று சொன்னதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள், 10 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்கள், 9,000 ரூபாய்க்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ள வியாபாரிகள் ஆகிய மூன்று வகையினரையும் சலுகையிலிருந்து விலக்கலாம் என்றது ஆணையம்.

சம்பளம், நிலம், வியாபாரம். ஒரு குடும்பம் பணத்தைச் சேர்த்து வைக்கும் மூன்று வழிகளும் அந்த மூன்று வரிகளில் வந்துவிடுகின்றன. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் செலவில் அரசு யாருக்குக் கை கொடுக்க வேண்டும், அதை எதை வைத்து முடிவு செய்வது என்ற கேள்வி இந்த ஊரில் ஐம்பத்தைந்து ஆண்டுகளாக இந்த மூன்றைச் சுற்றியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கோவையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஊர்ப்பக்கம் ‘படிச்ச பையன்’ என்று பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் யாராவது ஒருவர் ஃபோன் செய்வார். “ஏனுங் கண்ணு, இந்த வருமானச் சர்ட்டிபிகேட்ல தோட்டத்தைப் போடோணுமா, வேண்டாமுங்களா?” என்று கேட்பார். கேட்கிறவரின் குரலில் ஏமாற்றும் எண்ணம் இருக்காது. உண்மையைச் சொன்னால் பையனுக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்ற பயம்தான் இருக்கும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் எழுதியது இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடஒதுக்கீடு வேறு, கல்வி உதவித்தொகை வேறு. முன்னது அதிகாரத்திலும் இடங்களிலும் பங்கு கேட்பது, பின்னது பணமுடைக்கு மருந்து. இரண்டையும் குழப்பினால் இரண்டுமே கெடும். ஆனால் ஒரு குடும்பத்தின் வசதியை அளக்கும் கோல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் முதலில் விவாதிக்கப்பட்டது இடஒதுக்கீட்டின் வாசலில்தான். அதனால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சட்டநாதன் ஆணையம் வெறும் ‘ஏக்கர்’ என்று சொல்லவில்லை, ‘ஸ்டாண்டர்டு ஏக்கர்’ என்றது. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்த அளவு அது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் உச்சம் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று பார்த்து நிலத்தை அளப்பதுதான் இதன் முறை. நல்ல நஞ்சை ஒரு ஏக்கருக்குச் சமமாக வர புஞ்சை சில ஏக்கர்கள் வேண்டும்.

கொங்கு நாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் பேச்சில் ‘நிலம்’ என்ற சொல் குறைவு. வயல் உண்டு, தோட்டம் உண்டு, காடு உண்டு. காளிங்கராயன் வாய்க்காலிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தால் அது வயல். கிணறு வெட்டி மஞ்சளோ கரும்போ வாழையோ போட்டால் அது தோட்டம். மழையை நம்பிச் சோளம் விதைத்தால் அது காடு. காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளரவிட்டு, மாடு மேய்க்கும் கொறங்காடு. பத்து ஏக்கர் வயல் உள்ளவர் ஊரில் பெரிய பண்ணையம். பத்து ஏக்கர் கொறங்காடு உள்ளவர் தன் பையனை பனியன் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

ஆக, ஸ்டாண்டர்டு ஏக்கர் ஓரளவு நியாயமான கோல். அதிலும் ஓட்டை உண்டு. கிணற்றை ஆழப்படுத்தி, மோட்டார் வைத்து, போர் போட்டுத் தென்னந்தோப்பு ஆக்கிய பிறகும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது புஞ்சை என்றே கிடக்கும். மறுபக்கம், தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் போன நஞ்சையும் ஏட்டில் நஞ்சைதான். இருந்தாலும் நிலமும் நிலமும் ஒன்றல்ல என்று அந்தக் கோலுக்குத் தெரிந்திருந்தது.

அரசு அந்த விலக்குப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1971-இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை 25 சதவீதத்திலிருந்து 31 ஆகவும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 16-லிருந்து 18 ஆகவும் உயர்த்தியது. பத்து ஏக்கரும் ஒன்பதாயிரம் ரூபாயும் அறிக்கைக்குள்ளேயே தூங்கின. 1975-இல் கொங்கு வேளாளர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நிலம் உள்ள, ஆனால் பட்டதாரிகள் அதிகம் இல்லாத ஒரு சமூகம் பட்டியலுக்குள் வந்தது. ‘நிலம் இருக்கிறதே, இவர்களுக்கு எதற்கு’ என்று ஒரு தரப்பும், ‘நிலம் இருந்து என்ன, படிப்பு எங்கே’ என்று மறுதரப்பும் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு தரப்பும் ஒரே குடும்பத்தைத்தான் பார்க்கின்றன. ஒன்று பட்டாவைப் பார்க்கிறது, மற்றொன்று பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறது.

தூங்கிய எண்ணை எழுப்பியவர் எம்.ஜி.ஆர். 1979 ஜூலையில் வந்த அரசாணை, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சலுகை இல்லை என்றது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். 1970-இல் எழுதிய அதே 9,000 ஒன்பது ஆண்டு கழித்தும் அப்படியே இருந்தது. நடுவில் எண்ணெய் நெருக்கடி வந்து விலைவாசி எங்கேயோ போயிருந்தது. 9,000 என்றால் மாதம் 750 ரூபாய். இரண்டாவது, பத்து ஏக்கர் காணாமல் போயிருந்தது. நிலத்தை விட்டுவிட்டு வருமானம் என்ற ஒற்றைக் கோலை மட்டும் கையில் எடுத்தார்கள்.

பஞ்சாலைக் கணக்கருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளச் சீட்டு இருக்கிறது. அவர்கள் ஒரு ரூபாயைக்கூட மறைக்க முடியாது. விவசாயியின் வருமானத்தை யார் அளப்பது? அன்று கிராமத்தில் நிலக்கணக்கும் வரிக்கணக்கும் மணியகாரர், கர்ணம் கையில்தான் இருந்தன. அவை பரம்பரைப் பதவிகள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆரே அவற்றை ஒழித்துவிட்டுத்தான் இன்றைய வி.ஏ.ஓ. முறைக்கு வழி செய்தார். அதாவது வருமானத்தை வைத்து வடிகட்டும் அரசாணை வந்த நேரத்தில், ஊரின் வருமானத்தைப் பற்றி அரசுக்குச் சொல்லக்கூடியவர் ஊரின் வசதியான வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோல் சரியா என்று கேட்பதற்கு முன்னால், கோல் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

அரசாணைக்கு தி.மு.க.வும் திராவிடர் கழகமும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் இரண்டில்தான் வென்றது. ஒன்று சிவகாசி, இன்னொன்று எங்கள் கோபிசெட்டிபாளையம். தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணியின் பலம் உட்படத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எம்.ஜி.ஆர். படித்துக்கொண்ட பாடம் தெளிவானது. வருமான வரம்பை ரத்து செய்தார், அதோடு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். அன்றிலிருந்து தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டில் வருமான வரம்பைத் தொட எந்த அரசும் துணியவில்லை. பின்னாளில் மத்திய அரசு ‘கிரீமி லேயர்’ கொண்டுவந்தபோதும் மாநிலம் அதை ஏற்கவில்லை.

இடஒதுக்கீட்டில் வெளியேறிய வருமானக் கோல் உதவித்தொகையில் நன்றாகவே குடியிருந்தது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை சுதந்திரத்துக்கு முன்பே, 1944-இல் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் என்பது அதன் இன்றைய வரம்பு. 2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. கொங்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையம் பார்த்த அருந்ததியர் குடும்பங்களிலிருந்து பொறியாளர்கள் வந்ததில் இந்த அரசாணைக்கும், 2009-இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் குடும்பங்களுக்குத் தோட்டத்தைப் போடோணுமா என்ற குழப்பமே இல்லை. போட ஒன்றும் கிடையாது. அவர்களுடைய கேள்வி வேறு: சான்றிதழ் வாங்க அலைகிற இரண்டு நாள் கூலியை யார் தருவது?

மற்றவர்களுக்கு வருமானச் சான்றிதழ் என்பது ஒரு வருடத்தின் புகைப்படம். மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த வருடம் எடுத்தால் ஒரு முகம், அடுத்த வருடம் எடுத்தால் வேறு முகம். ஆனால் படிப்புக்கான பணம் ஒரு வருடத்து வருமானத்திலிருந்து வருவதில்லை. பத்து பதினைந்து வருடச் சேமிப்பிலிருந்து வருகிறது. அந்தச் சேமிப்பு எந்த உருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அரசின் கண்ணுக்கு அது தெரிவதும் தெரியாததும்.

நிலமாகச் சேர்த்தால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்று சாட்சிகள். நகையாகச் சேர்த்தால் பீரோவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஊர்ச் சீட்டில் போட்டால் சீட்டு நடத்துகிறவரின் நோட்டில் மட்டும் இருக்கும். எருமையாகவோ, காங்கேயம் காளையாகவோ, தம்பி மகளுக்குச் செய்த சீராகவோ போட்டிருந்தால் அதைச் சேமிப்பு என்றே யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் பையனுக்கு ஃபீஸ் கட்டும் நாளில் திரும்பி வருவது பெரும்பாலும் இவைதான்.

குடும்பம் என்பதும் இப்படித்தான். விண்ணப்பத்தில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள். கொங்கு நாட்டில் பணம் ஓடும் குடும்பம் அதைவிடப் பெரியது. திருப்பூர்ப் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்த ஷரத் சாரி தன் நூலுக்கு ‘ஃப்ரடெர்னல் கேபிடல்’ என்று பெயர் வைத்தார். சகோதரத்துவம் முதலீடாக மாறியது என்ற பொருளில். பங்காளியும் மாமன் மச்சானும் சேர்ந்து போட்ட பணம் கம்பெனிகளை மட்டும் எழுப்பவில்லை, பிள்ளைகளையும் படிக்க வைத்தது.

இந்த ஓட்டம் சில நேரம் வீட்டைத் தாண்டி ஊருக்கும் போனது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பாகம் போட்டு, ஐந்தாவதை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள் என்பது கோவையில் எல்லோரும் சொல்லும் கதை. 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அந்தப் பாகத்திலிருந்துதான் முளைத்தது. எந்தப் பையனின் அப்பாவுக்கு எவ்வளவு வருமானம் என்று அந்த ஐந்தாம் பாகம் கேட்கவில்லை. கல்லூரியைக் கட்டிக் கொடுத்தது.

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் கோவையில் குமரகுரு, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரிகள் வந்தன. இதற்கு முன் கேள்வி ‘சீட் கிடைக்குமா’ என்பது. இதற்குப் பின் ‘சீட் இருக்குது, பணம் இருக்குதா’ என்று மாறியது. ‘ரோட்டு மேல இருந்த ஒரு ஏக்கராவைக் குடுத்துட்டுத்தான் பெரியவனைப் படிக்க வெச்சேன்’ என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலரின் வாயில் கேட்ட வாக்கியம். நிலம் படிப்பாக மாறியது. அப்படி மாற்ற முடியாதவர்கள் கடனுக்குப் போனார்கள்.

கடன் வந்ததும் கோல் தலைகீழானது. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம் இன்றும் பல வங்கிகளின் அடிப்படை. அதன் பின்னாளைய வடிவப்படி 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, 4 முதல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கு மேலே போனால் சொத்து ஈடு. உதவித்தொகைக்குப் போனால் சொத்து இருப்பது குற்றம். பெரிய கடனுக்குப் போனால் சொத்து இல்லாதது குற்றம். ஒரே சிட்டாவை ஒரு மேசையில் மறைக்க வேண்டும், அடுத்த மேசையில் விரித்துக் காட்ட வேண்டும்.

விரித்துக் காட்டினாலும் வேலைக்கு ஆகாது என்பது இதில் இன்னொரு முடிச்சு. வாராக்கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றம் போகாமல் வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு ‘சர்ஃபாசி’ சட்டம், விவசாய நிலத்தை விட்டுவிடுகிறது. விவசாயியைக் காக்க வைத்த விதிதான் அது. ஆனால் அதனாலேயே கல்விக்கடனுக்குத் தோட்டத்தை ஈடாக வாங்க வங்கிகள் தயங்குகின்றன, டவுனில் ஒரு வீட்டுமனை இருந்தால் சொல்லுங்க என்கின்றன. ஆக மூன்று ஏக்கர் காடு வைத்திருக்கும் குடும்பம் ஒரு விநோதமான இடத்தில் நிற்கிறது. உதவி கேட்கப் போனால் அது சொத்து. கடன் கேட்கப் போனால் அது சொத்தே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2010 முக்கியமாகிறது. கருணாநிதி அரசு 2010-11 கல்வியாண்டில் முதல் பட்டதாரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெறும் மாணவரின் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், அவருடைய கல்விக் கட்டணச் சலுகையை அரசு ஏற்கும். சாதி கேட்கவில்லை, வருமானம் கேட்கவில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இருபக்கத்துத் தாத்தா பாட்டிகள் ஆகியோரின் படிப்பை மட்டும் கேட்டது.

நான் அந்த முதல் வருடத்துக் கூட்டத்தில் ஒருவன். சான்றிதழுக்குப் போனபோது எங்கள் அப்பாருக்கு எவ்வளவு பூமி என்று யாரும் கேட்கவில்லை, எதுவரைக்கும் படித்தார் என்று கேட்டார்கள். மூன்றாவது. அப்புச்சி? பள்ளிக்கூடமே போகவில்லை. ஆத்தாவும் அம்முச்சியும் கைநாட்டு. ஒரு அரசு அலுவலகத்தில் என் பாட்டிகளின் படிப்பின்மை எனக்குச் சாதகமாக எழுதப்பட்டது அதுதான் முதல் முறை. விடுதிக் கட்டணம் இந்தத் திட்டத்தில் வராது. அதை நான்கு வருடமும் கட்டியவர் பெரியப்பா மகன். அவர் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர். விண்ணப்பத்தின் கணக்கில் அவர் என் குடும்பமே இல்லை. வீட்டுக் கணக்கில் அவரில்லாமல் நான் இல்லை.

இந்தத் திட்டத்தின் சூட்சுமம், அது பணத்தை அளக்க முயலவில்லை என்பதுதான். வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம், நிலத்தைப் பாகம் பிரித்து எழுதலாம், நகையை மறைக்கலாம். ஊருக்கே தெரிந்த தாத்தாவின் படிப்பை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. 1975-இல் ‘நிலம் இருந்து என்ன, படிப்பு எங்கே’ என்று கேட்டவர்களின் வாதம் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எல்லாச் சாதிக்கும் பொதுவான ஒரு விண்ணப்பமாக மாறியது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. என்னோடு வேலை பார்த்து அமெரிக்கா போன நண்பர் ஒருவர் மகளுக்காக ‘ஃபாஃப்சா’ என்ற கூட்டரசு நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, “நம்மூரு தாசில்தார் ஆபீஸே தேவலை” என்றார். அங்கே சேமிப்பு நேரடியாகக் கணக்கில் ஏறும். பெற்றோர் பெயரில் உள்ள சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தையும், மாணவர் பெயரில் உள்ளதில் 20 சதவீதத்தையும் ஒவ்வொரு வருடமும் படிப்புக்குச் செலவிட முடியும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதே பணம், பெயர் மாறினால் உதவி மாறும். குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்கும் கணக்கில் வராது. தாத்தா பாட்டி பெயரில் உள்ள கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தால், முன்பெல்லாம் அது மாணவரின் வருமானமாக எண்ணப்பட்டு உதவியைக் குறைத்தது. 2024-25 முதல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறொன்று. அதே 2024-25 மாற்றத்தில், அதுவரை விலக்கு பெற்றிருந்த குடும்பப் பண்ணைகளின் மதிப்பையும் சேமிப்பாக எண்ணத் தொடங்கினார்கள். விவசாயிகள் கொதித்தார்கள். நிலத்தை விற்றால்தானே பணம், விற்றால் எதை வைத்துப் பிழைப்பது என்று அவர்கள் கேட்டது காங்கேயத்தில் கேட்ட குரல் போலவே இருந்தது. 2025-இல் வந்த சட்டம், 2026-27 கல்வியாண்டு முதல் பண்ணைகளுக்கு மறுபடி விலக்குத் தந்துவிட்டது. பணக்கார நாடும் கொறங்காட்டுக் கேள்வியில் வந்துதான் தடுக்கி விழுந்தது.

இங்கே 2019-இல் மத்திய அரசு, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. 8 லட்சம் வருமான வரம்போடு சொத்து வரம்பும் உண்டு: 5 ஏக்கர் விவசாய நிலம் இருந்தால் தகுதி இல்லை. ஸ்டாண்டர்டு ஏக்கர் அல்ல, வெறும் ஏக்கர். வாய்க்கால் பாசன வயலும் வானம் பார்த்த காடும் இதில் ஒன்று. 1993-இல் வந்த கிரீமி லேயர் விதிகள்கூடப் பாசன நிலத்தைத் தனியாகப் பார்த்தன, மாநில உச்சவரம்பில் 85 சதவீதம் என்று கணக்கு வைத்தன. 1970-இல் சட்டநாதனுக்குத் தெரிந்த வேறுபாட்டை நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நாமே அழித்துவிட்டோம். கணினியும் செயற்கைக்கோள் படமும் கையில் இருக்கும் காலத்தில் கோல் மழுங்கிப் போயிருக்கிறது.

தமிழ்நாட்டின் அண்மைத் திட்டங்கள் 2010 காட்டிய திசையிலேயே போகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியலிலும் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2011-இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்து, 2022-இல் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அதுதான் புதுமைப் பெண். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். திருமண உதவிக்கு வருமான வரம்பு இருந்தது, இதற்கு இல்லை. பீரோவுக்குள் போகவேண்டிய தங்கம் மாதா மாதம் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. இங்கே கேள்வி ஒன்றுதான்: எந்தப் பள்ளியில் படித்தாய்? வசதியுள்ள வீடு பெரும்பாலும் தன் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ஆகவே தாசில்தார் அளக்க முடியாததைப் பள்ளி தானாகவே அளந்துவிடுகிறது.

இந்தக் கோலுக்கும் விலை உண்டு. முதல் பட்டதாரித் திட்டத்தில் முப்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரரின் மகனும் சலுகை வாங்கினான், அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது அவனல்ல. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு ஆர்வத்தில், தபால் வழியில் பி.ஏ. முடித்தவர். அந்தப் பட்டத்தால் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மகன் பொறியியல் சேரும்போது மட்டும் அது குறுக்கே வந்து நின்றது. “படிக்காமயே இருந்திருக்கலாமுங்க” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சேமித்தவரைத் தண்டிக்கும் கோலுக்கு மாற்றாக வந்த கோல், படித்தவரைத் தண்டித்தது. அவர் சேர்த்து வைத்த ஒரே சொத்து அந்தப் பட்டம்.

தவறே செய்யாத கோல் கிடையாது. ஒரு மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது தினசரிப் பாடம். எந்த வடிகட்டியும் இரண்டு வகையில்தான் தவறும்: தேவையில்லாதவருக்குக் கொடுத்துவிடும், அல்லது தேவையானவரைத் தள்ளிவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை இயந்திரம் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். தென்னந்தோப்பு மகனுக்குப் போன பணம் அரசின் கணக்கில் ஒரு நஷ்டம், அவ்வளவுதான். தள்ளப்பட்ட பையன் அந்த வருடம் கல்லூரிக்குப் பதிலாகத் தையல் மிஷினில் உட்கார்ந்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. 1980-இல் தமிழ்நாடு தேர்தலில் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை நான் இப்படித்தான் சுருக்கிக்கொள்கிறேன்: கொடுப்பதில் தவறு, தள்ளுவதில் தவறாதே.

என் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்தத் திட்டம் வெற்றி பெற்ற வீடுகளில் அது தானாகவே முடிந்துபோகும். நல்ல திட்டத்துக்கு அதுதான் அழகு. ஆனால் அந்த அம்மாவின் மகனைப் போன்றவர்கள் இனிமேல்தான் அதிகமாக வருவார்கள். வீட்டில் ஒரு பட்டம் இருக்கும், பட்டத்துக்கேற்ற வருமானம் இருக்காது. சாதியையும் சம்பளத்தையும் நிலத்தையும் படிப்பையும் பள்ளியையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்த இந்த மாநிலம், அவர்களுக்காக அடுத்த கோலைச் செதுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அடுத்த மே மாதம் வந்துவிடும். தோட்டத்தைப் போடோணுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் மாறவில்லை: போடுங்க, உள்ளதை உள்ளபடி போடுங்க. அது வயலா, தோட்டமா, காடா என்பதையும் எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பதுதான் நான் அரசிடம் கேட்பது.